பெரட்டில் கூப்பிடாத பெயர்

1. பதினொரு வட்டங்கள்

எனக்கு இங்கிலீஷ் தெரியும் என்று இருபது வருடத்துக்கு மேல் நம்பிக்கொண்டிருந்தேன். நான் கிளாக்கராக இருக்கும் தேயிலைத் தோட்டத்தில் மற்றவர்கள் அதை என்னைவிட உறுதியாக நம்பினார்கள். தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் கூரை ஒழுகினாலும், பிள்ளையின் பிறப்புப் பதிவில் பெயர் பிழையாகிவிட்டாலும், தண்ணீர்க் குழாய் வெடித்தாலும் நேரே என் மேசைக்கு வருவார்கள். நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "வித் ரெஃபரன்ஸ் டு தி அபவ்" என்று ஆரம்பித்து, நடுவில் கடவுள் காட்டிய வழியில் போய், "யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி" என்று கரையேறிவிடுவேன். தலையும் வாலும் சரியாக இருந்தால் நடுவை யார் பார்க்கப் போகிறார்கள் என்பது என் கொள்கை.

நடுவையும் பார்க்கிற ஒரு துரை தோட்டத்துக்கு மனேஜராக வந்தார்.

ஸ்பிரிங்வெளிக்குப் போகிற பாதையில், பதுளையிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரத் தூரத்தில் இருக்கிறது எங்கள் தோட்டம். பெயர் வேண்டாம், தப்பு என்னுடையது, தோட்டத்துடையது அல்ல. புதுத் துரைக்கு என்னைவிடப் பன்னிரண்டு வயது குறைவு. கொழும்பில் பெரிய பள்ளிக்கூடத்தில் படித்தவர். வீட்டு மொழி சிங்களம். தமிழை மலையில் தொழிலாளர்களிடம் பொறுக்கிக்கொண்டவர். சத்தம் போடுகிற ஆளே இல்லை. எனக்குப் பயம் அதில்தான். சத்தம் போடுகிற துரை முன்னால் தலையைக் குனிந்து நின்றால் பத்து நிமிடத்தில் மழை விட்டுவிடும். இவர் மேசை லாச்சியைத் திறந்து ஒரு சிவப்புப் பேனாவை எடுப்பார்.

லயத்துக்குக் கூரைத் தகரம் கேட்டு நான் எழுதிய கடிதம்தான் முதலில் மாட்டியது. ஒன்பது வரி, பிழைகளைச் சுற்றிப் பதினொரு வட்டம். அதோடு விட்டிருக்கலாம். மாதக் கூட்டத்தில் டீமேக்கர், கணக்கப்பிள்ளை எல்லோரும் உட்கார்ந்திருக்க, அந்தக் கடிதத்தை நான் எழுதிய மாதிரியே, அதாவது எங்கும் நிற்காமல், வாசித்துக் காட்டினார். ஐந்தாவது வரியில் மூச்சு முட்டி, தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தார்.

"கிளாக்கர், நீங்க நல்ல ஆள்," என்றார் முடிவில். "ஆனா உங்க லெட்டர்ல எறங்க ஒரு பஸ் ஹோல்ட் இல்லையே. பதுளைல ஏறினா கொழும்புலதான் எறங்கணும் போல."

எல்லோரும் சிரித்தார்கள். நானே எல்லோரையும்விடப் பெரிதாகச் சிரித்தேன். தோட்டத்தில் எனக்குப் பகிடிக்காரன் என்ற பெயர் இருக்கிறது, அதைக் காப்பாற்ற வேண்டுமே. பிறகு பின்கட்டுக்குப் போய்த் தேநீர் ஊற்றினேன். பாதி சாஸரில் சிந்தியது. சாஸரிலிருந்தே உறிஞ்சிக் குடித்தேன்.

2. பல் வைத்தியம்

அடுத்த சனிக்கிழமையே பதுளையில் ஒரு டியூஷன் வகுப்பில் சேர்ந்தேன். புடவைக்கடை ஒன்றின் மேல்மாடி. படிப்பித்தவர் நசீர் சேர், அந்தக் கடைக்காரரின் மகன், முப்பது வயதுகூட இருக்காது. ஓ.எல். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கான வகுப்பு அது. முதல் நாள் நான் வாசலில் தலையைக் காட்டியதும் பிள்ளைகள் எல்லாம் எழுந்து நின்று, "குட் மோர்னிங் சேர்" என்றார்கள். நான் அவர்களைத் தாண்டிப் போய்க் கடைசி வாங்கில் உட்கார்ந்தேன். முழங்கால் உள்ளே போகவில்லை. பக்கவாட்டில்தான் உட்கார முடிந்தது.

வகுப்புக்குப் போகிறேன் என்று தோட்டத்தில் சொல்ல முடியுமா? இங்கிலீஷ் கடிதம் எழுதுகிற கிளாக்கரய்யா இங்கிலீஷ் படிக்கப் போகிறார் என்றால் அப்புறம் எந்த முகத்தோடு மேசையில் உட்காருவது? பல் வைத்தியத்துக்குப் போகிறேன் என்று சொல்லிவைத்தேன். உண்மை தெரிந்தவள் என் மனைவி லீலா மட்டும்.

பொய் சொல்லும்போது அளவு பார்த்துச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு மனுசன் பல்லுக்குப் போனால், வாயில் என்னதான் மிஞ்சும்? மூன்றாவது வாரம் கணக்கப்பிள்ளை என் வாயையே பார்த்துக்கொண்டு பேசினார். தொழிற்சாலையில் எனக்கு முறுக்குத் தருவதை நிறுத்தி, விசுக்கோத்தைத் தேநீரில் தோய்த்துத் தந்தார்கள். சிரிக்கும்போது வாயைப் பொத்திக்கொள்ளப் பழகினேன். முப்பத்திரண்டு பல்லும் அப்படியே இருந்ததுதான் கஷ்டம்.

ஆனால் வகுப்பு எனக்குப் பிடித்துப்போனது. கமா எங்கே, ஃபுல்ஸ்டாப் எங்கே என்று நசீர் சேர் வாசித்துக் காட்டும்போது, இத்தனை வருடம் நான் மனிதர்களை மூச்சுவிடாமல் ஓடவைத்திருக்கிறேன் என்று புரிந்தது. பிறகு எழுவாய்க்கும் வினைக்கும் பொருத்தம். "தொழிலாளர்களின் பட்டியல்" என்று எழுதினால் தொழிலாளர்கள் ஐந்நூறு பேர் இருந்தாலும் பட்டியல் ஒன்றுதானாம். அதனால் ஆர் வராது, இஸ்தான் வரும் என்றார் சேர். ஐந்நூறு பேரை ஒரே ஒரு பட்டியல் தோற்கடித்துவிடுகிறதே என்று நான் கேட்டேன். பிள்ளைகள் சிரித்தார்கள். சேரும் சிரித்தார்.

சீ.ஆர். கொப்பி ஒன்று வாங்கி, பஸ்ஸிலும் வீட்டிலும் பயிற்சி செய்தேன். கொழுந்து எடுக்கிற பெண்களைத் தூரத்தில் பார்த்தால், ஒருத்தி என்றால் ப்ளக்ஸ், பல பேர் என்றால் ப்ளக் என்று முணுமுணுப்பேன். குளிக்கும்போதும் அதே வேலை. லீலா கதவுக்கு வெளியே நின்று, யாரோடு பேசுகிறீர்கள் என்று கேட்டாள். வினையோடு என்றேன். அது பதில் சொல்லுதா என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

நாற்பத்தாறு வயதில் என் கொப்பியில் ஒரு நட்சத்திரம் விழுந்தது. சேர் நீல மையில் போட்டது. அதைப் பஸ்ஸில் மூன்று தடவை திறந்து பார்த்தேன். இதைச் சொல்ல வெட்கமாக இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும். பின்னால் நடந்ததற்கு அந்த நட்சத்திரமும் ஒரு காரணம்.

3. செல்வராணி

செல்வராணி மேல்பிரிவில் கொழுந்து எடுப்பவள். அப்போது முப்பத்தைந்து, முப்பத்தாறு வயது. ஓ.எல். வரை படித்தவள், எழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். முதுகுத்தண்டில் கோளாறு. பதுளை ஆஸ்பத்திரி கிளினிக்கில் டொக்டர், பாரம் தூக்கக் கூடாது, சரிவில் ஏறி இறங்கக் கூடாது என்று சொல்லியிருந்தார். தேயிலை மலையில் இந்த இரண்டும் கூடாது என்றால் மிச்சம் என்ன வேலை இருக்கிறது?

ஒரே ஒரு வேலை இருந்தது. தாய்மார் மலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவில் பொறுப்பாளர் வேலை. முன்பு இருந்தவர் பிரசவ லீவில் போனபோது செல்வராணி இரண்டு மாதம் அங்கே நின்று பார்த்திருக்கிறாள். குழந்தைகள் அவளை ராணி டீச்சர் என்று கூப்பிடுவார்கள். மறுபடி மலைக்கு வந்த பிறகும், பாதையில் அவளைக் கண்டால் ஓடிவந்து சேலையைப் பிடித்துக்கொள்வார்கள்.

அந்த வேலை நிரந்தரமாகக் காலியானது. விண்ணப்பத்தோடு துரையின் சிபாரிசுக் கடிதம் இங்கிலீஷில், கையெழுத்தும் முத்திரையுமாக, பண்டாரவளையில் இருக்கும் வட்டார அலுவலகத்துக்குப் போய்ச்சேர வேண்டும். கடைசி நாள் ஒரு வெள்ளிக்கிழமை. செல்வராணி என்னிடம் விண்ணப்பத்தைக் கொண்டுவந்தது ஒரு திங்கட்கிழமை. முழுசாகப் பத்தொன்பது நாட்கள் இருந்தன.

"ஐயா, நீங்க எழுதுனா கெடைச்சிரும்னு எல்லாரும் சொல்றாங்க," என்றாள். சொல்லிவிட்டு, அதிகம் பேசிவிட்டோமோ என்பது போல ஒரு எட்டுப் பின்னால் போய் நின்றாள்.

"போம்மா, பெரட்டுல கூப்பிடுறேன்," என்றேன்.

எங்கள் தோட்டத்து வழக்கத்தை இங்கே சொல்லியாக வேண்டும். காலையில் மலைக்குப் போகுமுன் எல்லோரும் ஆபீஸுக்கு முன்னால் கூடுவார்கள், அதுதான் பெரட்டு. யாருக்கு எந்த மலை என்று கணக்கப்பிள்ளை வாசித்து முடித்ததும் நான் வராந்தாவுக்கு வந்து, கடிதம் தயாரானவர்களின் பெயரைக் கூப்பிடுவேன். கூப்பிட்டால் வேலை முடிந்தது என்று அர்த்தம். கூப்பிடாவிட்டால் இன்னும் இல்லை என்று அர்த்தம். ஒருவரும் நடுவில் வந்து என் கடுதாசி என்னாச்சு என்று கேட்கமாட்டார்கள். அப்படிக் கேட்பது ஐயாவை நம்பாத மாதிரி ஆகிவிடும். எனக்கு அந்த வழக்கம் ரொம்ப வசதியாக இருந்தது. அவர்களுக்கு எப்படி இருந்தது என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை.

4. பத்தொன்பது நாட்கள்

அன்றைக்கே பத்து நிமிடத்தில் நான்கு வரி எழுதிவிட்டேன். இவர் நல்லவர், படித்தவர், இரண்டு மாதம் இந்த வேலையைப் பார்த்திருக்கிறார், இவருக்குக் கொடுங்கள். வேறென்ன சொல்ல இருக்கிறது? தாளை எடுத்துக்கொண்டு துரையின் கதவு வரை போனேன். உள்ளே லாச்சி இழுபடுகிற சத்தம் கேட்டது. திரும்பிவந்து உட்கார்ந்துவிட்டேன்.

உட்கார்ந்து மறுபடி வாசித்தபோது இரண்டாவது வரியில் சந்தேகம் வந்தது. சந்தேகம் வந்த தாளை எப்படிக் கொடுப்பது? சனிக்கிழமை வகுப்பில் கேட்டுவிட்டுக் கொடுக்கலாம், நாள்தான் கிடக்கிறதே என்று வைத்தேன். சனிக்கிழமை வகுப்பில் கமா. வந்து கடிதத்தைப் பார்த்தால் கமா போடக்கூடிய இடங்கள் எனக்கு ஏழு தெரிந்தன. எல்லாவற்றிலும் போட்டேன். அடுத்த நாள் ஐந்தை எடுத்தேன். அதற்கடுத்த நாள் இரண்டைத் திருப்பிப் போட்டேன். நான்கு வரி எட்டு வரியானது, பிறகு பன்னிரண்டானது. கொப்பியில் அவளுக்காக மட்டும் பதினாறு பக்கம் எழுதியிருக்கிறேன். அவளுக்காகவா, என் மானத்துக்காகவா என்று கேட்டால் இப்போது பதில் தெரியும்.

இந்த நாட்களில் பெரட்டுக்கு நான் போகவில்லை. தயாரான மற்றக் கடிதங்களின் பெயர்களைத் துண்டில் எழுதித் தபால்காரர் சுப்பையாவிடம் கொடுத்துவிடுவேன். அவர் தபால் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வராந்தாவில் நின்று கூப்பிடுவார். நான் அலுமாரிக்குப் பின்னால் இருந்து யன்னல் இடுக்கால் பார்த்துக்கொண்டிருப்பேன். நாற்பத்தாறு வயது ஆள், கண்ணாமூச்சி விளையாடுகிறவன் மாதிரி. பெயர்கள் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு செல்வராணி மட்டும் ஒரு நிமிடம் நிற்பாள். சாக்கை மடித்துத் தலையில் போட்டு, அதன்மேல் கொழுந்துக் கூடையின் கயிற்றைச் சரிசெய்து, மறுபடி சரிசெய்து, பிறகு இடுப்பில் ஒரு கையை வைத்துக்கொண்டு ஏறிப்போவாள்.

மூன்றாவது வாரம், செவ்வாய்க்கிழமை மத்தியானம், ஆபீஸ் யன்னலில் அவளுடைய நிழல் விழுந்தது. கேட்க வந்துவிட்டாள் என்று நினைத்தேன். கொப்பியை லெட்ஜருக்கு அடியில் தள்ளினேன். தள்ளியதில் மைக்கூடு சாய்ந்து, அதைப் பிடிக்கப் போய்க் கதிரை சரிந்து, கிட்டத்தட்ட மேசைக்குக் கீழே போய்விட்டேன். அங்கிருந்தபடியே மூன்று பொய் தயார்செய்தேன்.

"பல்லு எப்படிங்கய்யா இருக்கு?" என்றாள்.

நான் மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்து வாயைப் பொத்தினேன்.

"கிராம்பு கொஞ்சம் கொண்டாந்தேன். எங்க வீட்டுக்குப் பின்னால நிக்கிற மரத்துல காய்ச்சது. பல்லு நோவுற எடத்துல கடிச்சு வச்சிக்கங்க." ஒரு சின்னக் காகிதப் பொட்டலத்தை யன்னல் விளிம்பில் வைத்தாள். "இன்னும் ரெண்டு பல்லு பாக்கினு கணக்கப்பிள்ளை ஐயா சொன்னாரு."

அவ்வளவுதான். கடிதத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் பாதையில் இறங்கும் வரை பார்த்திருந்தேன். சரிவில் பக்கவாட்டாகத்தான் இறங்கினாள்.

அன்றைக்கே அந்தத் தாளை எடுத்துக்கொண்டு உள்ளே போயிருக்க வேண்டும். கிராம்பு வாசனை ஆபீஸ் முழுக்க இருந்தது. எனக்கு வெட்கமாகவும் இருந்தது. ஆனால் வெட்கத்தைவிடப் பயம் கொஞ்சம் பெரியது. நாளைக்கு ஒரு நல்ல பிரதி எடுத்து, நாளன்றைக்குக் காலையில் கொடுக்கலாம், வியாழக்கிழமைதானே, வெள்ளி வரை நேரம் இருக்கிறது, சுப்பையாவை நேரே பண்டாரவளைக்குப் பஸ்ஸில் அனுப்பிவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

5. ஒரு பிழையும் இல்லை

வியாழக்கிழமை காலை, நன்றாகச் சவரம் செய்து, கடிதத்தை ஃபைலில் வைத்துக்கொண்டு போனேன். துரையின் அறை பூட்டியிருந்தது. கொழும்பில் கூட்டம், விடியற்காலையிலேயே ஜீப் போய்விட்டது, சனிக்கிழமைதான் வருவார் என்று காவல்காரர் சொன்னார்.

எனக்கு ஏன் யாரும் சொல்லவில்லை என்று குதித்தேன். சொல்ல என்ன இருக்கிறது? அந்தப் பயணக் குறிப்பை இங்கிலீஷில் தட்டச்சு செய்ததே நான்தான். போன வாரம். ஒரு வினைச்சொல்லைத் திருத்தி, ஒரு கமாவை நகர்த்தி, கடைசியில் ஃபுல்ஸ்டாப் இருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்தேன். துரை வியாழனும் வெள்ளியும் இருக்கமாட்டார் என்று அதில் எழுதியிருந்தது. அதை மட்டும் நான் வாசிக்கவில்லை.

சின்னத் துரை பதவி அப்போது காலி. கையெழுத்துப் போட வேறு ஆள் இல்லை. வியாழன், வெள்ளி இரண்டு நாளும் நான் செய்த வேலைகளை எழுதினால் சிரிப்பீர்கள். துரையின் போனுக்கு ஏழு தடவை எடுத்தேன், அணைத்து வைத்திருந்தார். எட்டாவது தடவை மணி அடித்தது. நானே பயந்து வெட்டிவிட்டேன். அவர் எடுத்தால் என்ன சொல்வது? பத்தொன்பது நாளாக எங்கே வைத்திருந்தீர்கள் என்று கேட்டால்?

சனிக்கிழமை காலை வகுப்புக்குப் போகாமல் துரைக்காகக் காத்திருந்தேன். வந்ததும் கடிதத்தை முன்னால் வைத்தேன். அவர் லாச்சியை இழுத்தார், சிவப்புப் பேனாவை எடுத்தார், வாசித்தார். முதல் வரி தாண்டியது. ஐந்தாவது தாண்டியது. பேனா தாளைத் தொடவே இல்லை. பன்னிரண்டு வரியும் முடிந்ததும் பேனாவை மூடிவைத்தார்.

"வெரி குட், கிளாக்கர். ஒரு பிழையும் இல்லை," என்றார்.

உண்மையைச் சொல்கிறேன். அந்த ஒரு நொடி எனக்குச் சந்தோஷமாக இருந்தது. செல்வராணியை மறந்து சந்தோஷப்பட்டேன்.

பிறகு அவர் விண்ணப்பத்தைப் புரட்டினார். கடைசித் தேதியில் விரலை வைத்தார்.

"இது நேத்தோட முடிஞ்சிச்சுதானே?"

அவர் வேறெதுவும் கேட்காமல் பண்டாரவளைக்குப் போன் எடுத்தார். சிங்களத்தில் கொஞ்ச நேரம் பேசினார், கெஞ்சுகிற குரலில்கூடப் பேசினார். பெயர்ப்பட்டியல் வெள்ளிக்கிழமை பின்னேரமே கொழும்புக்குப் போய்விட்டதாம். போனை வைத்துவிட்டு அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார்.

"அனுப்புங்க. பிரயோசனம் இல்லை, இருந்தாலும் அனுப்புங்க." தாளை என் பக்கம் நீட்டிக்கொண்டு, "கிளாக்கர், நீங்க ஒரு துண்டுல எழுதித் தந்திருந்தாலும் நான் ஸைன் பண்ணியிருப்பேனே. அந்தப் பொம்பளைய எனக்குத் தெரியும். பிள்ளைகளோட பார்த்திருக்கேன்," என்றார்.

இதைவிட இருபது வட்டம் போட்டிருக்கலாம்.

திங்கட்கிழமை பெரட்டிலும் நான் போய் நிற்கவில்லை. பின்னேரம் தண்ணீர்ப் பீலிக்குப் பக்கத்தில் அவளைத் தனியாகக் கண்டு, இந்தத் தடவை கிடைக்கவில்லை, மேலிடத்தில் பட்டியலை முடித்துவிட்டார்கள் என்றேன். அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. மொத்தமும் பொய்.

"பரவால்லங்கய்யா. நீங்க எழுதுனீங்களே," என்றாள்.

6. இரண்டரை வரி

லுணுகலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு பெண் எங்கள் பிள்ளைக்காம்பராவுக்குப் பொறுப்பாளராக வந்தாள். நல்ல பிள்ளை, அவளைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. சில மாதம் கழித்து அவளுடைய ஃபைல் என் மேசைக்கு வந்தது. அவளுடைய தோட்டத்துக் கிளாக்கர் எழுதிய சிபாரிசுக் கடிதம் உள்ளே இருந்தது.

இரண்டரை வரி. பேனாவால் எழுதியது. கமா கிடையாது. ஃபுல்ஸ்டாப்பும் கிடையாது. எழுவாய் ஒரு பக்கம் போக, வினை வேறு பக்கம் போகிறது. நசீர் சேர் பார்த்தால் கொப்பியை மூடிவிட்டு வெளியே போய்விடுவார். கீழே கையெழுத்து, முத்திரை, தேதி. கடைசி நாளுக்குப் பதினைந்து நாள் முந்திய தேதி.

அந்தக் கிளாக்கரை நான் பார்த்ததில்லை. இங்கிலீஷில் என்னைவிட மோசம் என்று நிச்சயமாகச் சொல்வேன். என்னைவிட நல்ல கிளாக்கர் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

வகுப்பை நான் நிறுத்தவில்லை. படித்தது பிழை இல்லை. அது வேறு, இது வேறு. ஆனால் அதன் பிறகு நட்சத்திரம் விழுந்தபோது பஸ்ஸில் திறந்து பார்க்கவில்லை. பல் வைத்தியப் பொய்யையும் விட்டுவிட்டேன். இங்கிலீஷ் படிக்கப் போகிறேன் என்று பெரட்டிலேயே சத்தமாகச் சொன்னேன். இரண்டு நாள் சிரித்தார்கள், மூன்றாம் நாள் மறந்துபோனார்கள். இவ்வளவுதானா என்று இருந்தது. இவ்வளவுக்காகத்தான் அலுமாரிக்குப் பின்னால் நின்றேன்.

7. இந்தத் தடவை

ஆறு வருடம் செல்வராணி மலையில் ஏறினாள். போன மழைக்காலத்தில் ஒரு நாள் நாலாம் நம்பர் மலையில் பாரத்தோடு உட்கார்ந்தவள் எழும்ப முடியாமல், நான்கு பேர் சேர்ந்து சாக்குப் படுக்கையில் தூக்கிவந்தார்கள். ஆஸ்பத்திரியில் ஒரு மாதம் இருந்தாள். திரும்பி வரும்போது கையில் தடி இருந்தது. இனி வேலைக்குப் போகக் கூடாது என்று டொக்டர் எழுதிவிட்டார். நாற்பத்திரண்டு வயதில் வேலையை விடுவதற்கு, இத்தனை வருடம் இன்ன வேலை செய்தவர் என்று தோட்டம் ஒரு கடிதம் தர வேண்டும். அதற்காக என்னிடம் வந்தாள்.

உட்காரச் சொன்னேன். ஆபீஸுக்குள் கதிரையில் உட்கார்ந்து அவளுக்குப் பழக்கமில்லை, விளிம்பில் தொற்றிக்கொண்டிருந்தாள். சொல்ல வேண்டியவற்றைச் சொன்னாள், நான் குறித்துக்கொண்டேன். முடிந்ததும் தடியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"இந்தத் தடவ பெரட்டுக்கு வந்து நிக்கணுங்களாய்யா? என்னால ரொம்ப நேரம் நிக்க முடியாது."

குரலில் குத்தல் இல்லை. நிஜமாகவே கேட்டாள். எனக்கு எப்போதும் வாயில் ஒரு பகிடி இருக்கும், ஆபத்துக்கு உதவ. அன்றைக்குத் தேடிப் பார்த்தேன், ஒன்றும் இல்லை.

"செல்வராணி," என்றேன், "அந்தப் பிள்ளைக்காம்பரா வேலை. அது மேலிடத்துத் தப்பு இல்ல. உன் கடுதாசிய நான்தான் பத்தொன்பது நாள் வச்சிருந்தேன். கடைசி நாள் தாண்டித்தான் போச்சு."

"தெரியுங்கய்யா," என்றாள். "சுப்பையா அண்ணன் அப்பவே சொன்னாரு, இன்னைக்குத்தான் பையில போட்டாங்கன்னு."

"அப்புறம் ஏன் நீ ஒரு வார்த்த கேக்கல?"

அவள் தடியை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"உங்களுக்குத்தான் பல்லு நோவா இருந்துச்சே. நோவுல இருக்கிற மனுசன்கிட்ட என்னன்னு கேக்குறது," என்றாள்.

தாளை எடுத்து மூன்று வரி எழுதினேன். வாசித்துப் பார்க்காமல் உள்ளே கொண்டுபோனேன். இப்போது வேறு துரை, இவரிடம் சிவப்புப் பேனா கிடையாது. நின்றபடியே கையெழுத்துப் போட்டார். முத்திரையை நானே குத்தி, அவள் கையில் கொடுத்தேன். மொத்தம் பத்து நிமிடம் ஆகியிருக்கும். ஆறு வருடத்துக்கு முன்பும் அந்த வேலைக்குப் பத்து நிமிடம்தான் தேவைப்பட்டது.

புதிதாக ஆபீஸுக்கு வருகிற தம்பி தங்கைகளுக்கு இதை எழுதுகிறேன். உங்களிடம் கம்பியூட்டர் இருக்கிறது, பிழை விட்டால் அதுவே கோடு போட்டுக் காட்டும். நல்லது, திருத்துங்கள், படியுங்கள், வட்டம் விழுந்தால் விழட்டும். ஆனால் தாளை எடுத்தவுடன் முதலில் கடைசித் தேதியைப் பாருங்கள். நமக்கு வெட்கமாக இருக்கிறது என்பதற்காக இன்னொருவருடைய கடிதத்தை லெட்ஜருக்கு அடியில் வைக்காதீர்கள்.

பெரட்டில் நான் இப்போது வழக்கத்தைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன். தயாரான கடிதங்களின் பெயர்களைக் கூப்பிட்ட பிறகு, தயாராகாத கடிதங்களின் பெயர்களையும் கூப்பிடுகிறேன். இன்னாருடைய கடிதம் இன்னும் எழுதவில்லை, சோம்பல்தான் காரணம், இன்றைக்கு எழுதிவிடுவேன் என்று எல்லோர் முன்னாலும் சொல்கிறேன். சிரிக்கிறார்கள். சிலர், ஐயாவுக்கு இன்னைக்கு எந்தப் பல்லு என்று பின்வரிசையிலிருந்து கேட்கிறார்கள். சொல்லி முடித்து, எல்லோரும் கலைந்து மலைக்கு ஏறும் வரை வராந்தாவிலேயே நிற்கிறேன். யாராவது ஒருவர் சாக்கை மடித்து, கயிற்றைச் சரிசெய்து, மறுபடி சரிசெய்து நின்றால், இறங்கிப்போய் என்னவென்று கேட்டுவிட்டு வருகிறேன்.